சோமாலியா பற்றிய அந்த ஒரு வரி

பொது அறிவு நூல்களும் போட்டித் தேர்வுக் கையேடுகளும் எழுதுகிற, தொகுக்கிற, அச்சிடுகிற நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. என் சிவப்பு மையை மட்டும் தெரிந்திருக்கும். 26 வருடமாக மெய்ப்புப் பார்க்கிறேன். ஆண்டு மலர், நடப்பு நிகழ்வுகள், ஒரு வரி வினா-விடை என்று நீங்கள் அனுப்பிய பக்கங்கள் ஆயிரக்கணக்கில் என் கண்ணைக் கடந்துதான் அச்சுக்குப் போயிருக்கின்றன. அவற்றில் ஒரே ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

அந்த வரி உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும்: "ஆப்பிரிக்காவில் ஒரே இனம், ஒரே மொழி, ஒரே மதம் கொண்ட நாடு சோமாலியா." சில புத்தகங்களில் இதற்கு ஒரு வாலும் உண்டு: "ஆயினும் உள்நாட்டுப் போரால் சிதைந்தது." முதல் தடவை இது என்னிடம் வந்தபோது 'சோமலியா' என்று இருந்தது. ஒரு துணைக்கால் சேர்த்தேன், என் வேலை முடிந்தது. அப்புறம் பதிப்புக்குப் பதிப்பு, பதிப்பகத்துக்குப் பதிப்பகம் அதே வரி வந்தது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறீர்கள் என்பது காற்புள்ளி விழுந்திருந்த இடத்திலிருந்தே எனக்குத் தெரியும். ஆனால் வரியே பிழையாக இருக்கலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. ஆகவே இது புகார் மடல் மட்டும் இல்லை. பாதி என் மேலேயே நான் போட்டுக்கொள்கிற வழக்கு.

புத்தகத்தோடு நின்றிருந்தால் ஒரு மதிப்பெண் கேள்வி என்று விட்டிருப்பேன். இது மேடைக்கும் போகிறது. மொழிவழித் தேசியம் பேசுகிறவர் சோமாலியக் கொடியின் ஐந்து முனை நட்சத்திரத்தைச் சொல்லி, "வெள்ளைக்காரன் ஐந்து துண்டாகக் கூறுபோட்ட ஒரே இனம்" என்கிறார். அடுத்து வருகிறவர், "ஒரே மொழி இருந்தும் அடித்துக்கொண்டு செத்தார்களே, மொழி எங்கே காப்பாற்றியது?" என்று திருப்புகிறார். ஒரே கூட்டத்தில், ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இருவரையும் கேட்டிருக்கிறேன். சண்டையெல்லாம் முடிவைப் பற்றித்தான். சோமாலியா ஒன்றாக இருந்தது என்பதில் இருவரும் ஒன்றாகவே இருந்தார்கள். அதை அவர்கள் வாயில் போட்டது நம் புத்தகங்கள்.

எனக்குக் கண் திறந்தது ஆய்வரங்கில் இல்லை, வீட்டுக் கூடத்தில். சில வருடங்களுக்கு முன் ஒரு பொங்கலுக்கு, என் மகன் தன்னோடு படித்த இரண்டு சோமாலிய மாணவர்களைக் கூட்டி வந்தான். (இரண்டு சோமாலிய மாணவர்கள் என்று எழுதிவிட்டேன். ஒருவன் வடக்கே ஹர்கெய்சாக்காரன். இதைப் படித்தால் "சோமாலியா இல்லை அங்கிள், சோமாலிலாந்து" என்று முதல் வேலையாகத் திருத்துவான். அன்றும் திருத்தினான்.) இன்னொருவன் தெற்கே பைதோவாப் பையன். இருவரும் சாம்பார் சாதத்துக்கு வாழைப்பழத்தைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். சோற்றோடு பழம் அவர்கள் ஊர் வழக்கம். என் மனைவிக்கு அது பொறுக்கவில்லை, வடையை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டே இருந்தாள்.

சாப்பாடு முடிந்து பைதோவாப் பையன் தன் அம்மாவுக்குப் போன் போட்டான். ஒரு பத்து நிமிடம் பேசினான், சிரித்தான், ஒரு இடத்தில் குரல் தழுதழுத்தது. நான் பக்கத்தில் இருந்த ஹர்கெய்சாப் பையனிடம், "அம்மா என்ன சொல்கிறார்?" என்று மெதுவாகக் கேட்டேன். உதட்டைப் பிதுக்கினான். "தெரியாது அங்கிள். அவன் மாய் பேசுகிறான். எனக்கு அங்கங்கே ஒரு சொல் பிடிபடும், அவ்வளவுதான்."

ஒரே மொழி பேசும் நாட்டிலிருந்து வந்த இருவர். அந்தப் பத்து நிமிடமும் ஒருவன் என்னைப் போலவே ஒன்றும் புரியாமல் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று இரவு அவர்கள் போன பிறகு, அலமாரியிலிருந்து நான் மெய்ப்புப் பார்த்த புத்தகம் ஒன்றை எடுத்து அந்த வரியைத் தேடிப் பார்த்தேன். துணைக்கால் சரியாகத்தான் இருந்தது.

பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். 'என்ன' என்பதற்கு வடக்கிலும் மையப் பகுதியிலும் 'மஹா' என்கிறார்கள். தெற்கே ஜூபா, ஷபெல்லே ஆறுகளுக்கு நடுவில் 'மாய்' என்கிறார்கள். அந்தக் கேள்விச் சொல்லை வைத்தே இரண்டுக்கும் பெயர்: மஹா திரி, மாய் திரி. மதுரைத் தமிழ், கோவைத் தமிழ் மாதிரி இதையும் வட்டார வழக்கு என்று தள்ளிவிடத் தோன்றும். அப்படியில்லை. மாய் பேச்சைத் தனி மொழியாகவே வைக்கிற மொழியியலாளர்கள் பலர். இது தவிர, கடற்கரையில் பராவா நகரத்தார் பேசும் சிம்வீனி ஸ்வாஹிலிக்கு நெருங்கிய உறவு. கீழ் ஜூபாவில் சிலர் இன்னும் பேசும் முஷுங்குலி, தான்சானியாவின் ஸிகுவா மக்களுடைய மொழியின் கிளை. மதம் மட்டும்தான் உங்கள் வரியில் ஏறத்தாழ சரி.

சரி, இந்த 'ஒன்று' எங்கிருந்து வந்தது? உங்களில் யாரும் கற்பனை செய்யவில்லை. வெளியூர் ஆய்வாளரும் உள்ளூர்த் தேசியவாதியும், ஒருவரையொருவர் அவ்வளவாகப் பிடிக்காமலே, சேர்ந்து கட்டிய வீடு அது.

ஐ. எம். லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மானிடவியலாளர் 1955 முதல் 1957 வரை அன்றைய பிரிட்டிஷ் சோமாலிலாந்தில், ஒட்டகம் மேய்க்கும் நாடோடிகளிடையே களஆய்வு செய்தார். 1961இல் வந்த அவர் நூல், சோமாலியா பற்றி எழுதுகிற எல்லோருக்கும் அடுத்த பல பத்தாண்டுகள் அரிச்சுவடி ஆனது. தந்தைவழிக் குலம், அதன் கிளை, கிளைக்குள் கிளை. பகையானாலும் உறவானாலும் அந்தக் கணக்கில்தான் ஓடும் என்பது அவர் வரைந்த படம். வடக்கின் வறண்ட மேய்ச்சல் காட்டுக்கு அது நன்றாகவே பொருந்தியது. வம்பு எங்கே வந்தது என்றால், அதே படத்தை இழுத்துத் தெற்கின் ஆற்றுப் படுகைக்கும் கடற்கரைப் பட்டணங்களுக்கும் விரித்ததில். சோளம் விதைக்கிறவர், மீன் பிடிக்கிறவர், மொகதிஷுவில் தறி ஓட்டுகிறவர் எல்லோரும் ஒட்டகக்காரரின் நிழலுக்குள் போய்விட்டார்கள்.

தேசியவாதிகளின் நோக்கம் வேறு. 1943 மே 15 அன்று மொகதிஷுவில் 13 இளைஞர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பின்னால் சோமாலி இளைஞர் லீக் என்று பெயர் பெற்றது அதுதான். குலப்பெயர் சொல்வதில்லை என்பது அதன் உறுதிமொழி. அன்றைக்கு அது சின்ன விஷயமில்லை. நகரங்களில் 'நீ எந்தக் குலம்?' என்று கேட்பதே நாகரிகக் குறைவு என்ற நிலை வந்தது. ஆனாலும் எதிரில் இருப்பவர் யாரென்று தெரியாமல் இருக்க முடியுமா? குறுக்கு வழி ஒன்று கண்டுபிடித்தார்கள். "உன் எக்ஸ் என்ன?" என்று கேட்டார்கள். முன்னாள் குலம் எது என்று அர்த்தம்! பெயரிலிருந்து சாதியை வெட்டிவிட்டு, "சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு?" என்று வளைத்து வளைத்துக் கேட்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் உங்கள் புத்தகங்கள் ஒன்றுகூடச் சொல்லாத ஒரு கட்சியைச் சொல்ல வேண்டும். ஆற்றிடை நிலத்து மாய் பேசும் மக்களின் கட்சி, 1947இல் தொடங்கியது. டிகில், மிரிஃப்லே என்ற இரண்டு குலத்தொகுதிகளின் பெயரையே தன் பெயரில் வைத்திருந்தது. குலப்பெயரில் கட்சி கூடாது என்று சட்டம் வந்ததும் ஒரு வேலை செய்தார்கள். 'ஹிஸ்பியா டிகில் மிரிஃப்லே' என்பதை 'ஹிஸ்பியா தஸ்தூர் முஸ்தகில்' என்று மாற்றினார்கள். ரோமன் எழுத்தில் முதலெழுத்துகள் மாறவே இல்லை. மெய்ப்புத் திருத்துகிறவனுக்கு இதைவிட ருசியான திருத்தம் கிடைக்காது. ஆனால் விஷயம் அவர்கள் கேட்டது. 1950களிலேயே கூட்டாட்சி கேட்டார்கள். 'நம் மொழி வேறு, தொழில் வேறு, நிலம் வேறு. எல்லாவற்றையும் மொகதிஷுவில் குவிக்காதீர்கள்' என்பது சாரம். தேசத்தைப் பிளக்கப் பார்க்கிறார்கள் என்ற பழிதான் கிடைத்தது. 2012இல் வந்த இடைக்கால அரசமைப்பில் சோமாலியா கூட்டாட்சி நாடு. நடுவில் போனது அரை நூற்றாண்டும் எண்ண முடியாத உயிர்களும்.

மேடைப் பேச்சாளர்களுக்காக அந்த நட்சத்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். 1954 அக்டோபர் 12 அன்று ஏற்கப்பட்ட கொடி. ஐந்து முனை என்பது இத்தாலிய சோமாலியா, பிரிட்டிஷ் சோமாலிலாந்து, பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த ஜிபூத்தி, எத்தியோப்பியாவின் ஒகாடன், கென்யாவின் வடகிழக்கு. கூறுபோட்டது உண்மை, வலியும் உண்மை. ஐந்தில் 1960 ஜூலை 1 அன்று சேர்ந்தவை இரண்டே இரண்டு. ஜிபூத்தி 1977இல் தனி நாடாகவே போனது. ஒகாடனுக்காக 1977–78இல் நடந்த போர் தோல்வி. சேர்ந்த இரண்டில் ஒன்று, பழைய பிரிட்டிஷ் பகுதி, 1991 மே 18 அன்று சோமாலிலாந்து என்ற பெயரில் பிரிந்துவிட்டதாக அறிவித்தது.

அது ஏன் பிரிந்தது என்பதற்கு ஹர்கெய்சா நகர நடுவில் ஒரு சாட்சி நிற்கிறது. மேடை கட்டி அதன்மேல் ஏற்றி வைத்த பழைய மிக் போர் விமானம். 1988இல் அரசின் விமானங்கள் ஹர்கெய்சா விமான நிலையத்திலிருந்தே கிளம்பி ஹர்கெய்சாவின் மேலேயே குண்டு போட்டன. அந்தக் குண்டுகளைப் போட்ட அரசு 'குலம் ஒழிக' என்று முழங்கிய அரசு என்பதுதான் நம் வரி மறைக்கிற கதை.

1969 அக்டோபர் 21 அன்று சியாத் பாரே ஆட்சியைப் பிடித்தார். 1971இல் குலவாதத்துக்குக் கொடும்பாவி கட்டி எரித்தார்கள். ஒருவரையொருவர் 'இனா அதேர்', அதாவது சித்தப்பா பெரியப்பா பிள்ளை, என்று முறை சொல்லிக் கூப்பிடும் பழைய வழக்கத்தை விட்டு 'ஜாலே', தோழர், என்று கூப்பிடச் சொன்னார்கள். உறவுமுறையில் அரசாங்கம் கை வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வெளியே தோழர், உள்ளே எம்.ஓ.டி. அதிபரின் குலம், அவர் தாயின் குலம், மருமகனின் குலம் ஆகிய மூன்றின் முதலெழுத்து அது. இந்த மூன்று எழுத்தைச் சத்தமாகச் சொன்னால் சிறைதான். ஜனங்கள் கிசுகிசுவென்று சொல்லிக்கொண்டார்கள்.

ஆனால் இந்த ஆட்சி ஒரு காரியம் செய்தது. அதைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வராது. 1972 வரை சோமாலிக்கு அரசு ஏற்ற எழுத்தே கிடையாது. அரபு எழுத்தா, ரோமன் எழுத்தா, 1920களில் ஒஸ்மான் யூசுப் கெனாதித் உருவாக்கிய சொந்த எழுத்தா என்று வருடக்கணக்கில் சண்டை. 1972 அக்டோபர் 21 அன்று ரோமன் என்று முடிவானது. 1974இல் பள்ளிக்கூடங்களை ஒரு வருடம் மூடி, மாணவர்களும் ஆசிரியர்களுமாக 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நாடோடிக் கூடாரங்களுக்கு அனுப்பினார்கள். "தெரிந்தால் கற்றுக்கொடு, தெரியாவிட்டால் கற்றுக்கொள்" என்பது கோஷம். பட்டணத்துப் பதினாறு வயதுப் பிள்ளைகள் ஒட்டகக் கூட்டத்தோடு நடந்துகொண்டே பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். நடுவில் கடும் வறட்சி வந்தது, சொல்லிக்கொடுக்கப் போனவர்கள் நிவாரண வேலையிலும் இறங்கினார்கள். எழுத்தை வைத்துப் பிழைக்கிறவன் நான். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த எழுத்தில் அச்சானது மஹா. மாய் பேசும் பிள்ளை தன் வீட்டில் பேசாத மொழியில் படித்து, அதுதான் தாய்மொழி என்று எழுத வேண்டியிருந்தது. 2012 அரசமைப்பின் 5ஆம் பிரிவு, ஆட்சிமொழி சோமாலி என்று சொல்லி 'மாய், மஹா திரி' என்று இரண்டையும் பெயர் சொல்லிக் குறித்தது. பைதோவாப் பையனின் அம்மா பள்ளிக்கூடம் போன காலம் அதற்கு ரொம்ப முந்தியது.

இப்போது நான் உங்களிடம் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். மெலிந்த பிள்ளையைப் பார்த்தால் நம் ஊரில் என்ன சொல்கிறோம்? "என்னடா, சோமாலியா மாதிரி இருக்கே?" நானும் என் தங்கை மகனைச் சொல்லியிருக்கிறேன். இந்தச் சொல் நம்மிடம் வந்தது 1992இல், பத்திரிகைகளில் வந்த படங்கள் வழியாக. விலா எலும்பு தெரியும் குழந்தை, கண்ணில் ஈ. அந்தப் படங்களில் பல எடுக்கப்பட்டது பைதோவாவிலும் அதைச் சுற்றியும்தான். சாவு நகரம் என்று அன்றைய பத்திரிகைகள் பெயர் வைத்த ஊர் அது.

பைதோவா பஞ்சப் பிரதேசம் இல்லை. சோமாலியாவின் சோளக் களஞ்சியம். அந்தப் பக்கத்து விவசாயிகள் தரையில் ஆழக் குழி தோண்டி, சோளத்தைக் கொட்டி, மண் மூடி வைப்பார்கள். மழை பொய்த்தால் அடுத்த அறுவடை வரை அந்தக் குழிதான் சோறு. 1991இல் சியாத் பாரே மொகதிஷுவை விட்டு ஓடியதும், அவருடைய மிச்சப் படையும் அதைத் துரத்திய படைகளும் இந்த நிலத்தின் மேல் மாறி மாறி நடந்தன. நடந்தவர்கள் குழிகளைத் திறந்து அள்ளிக்கொண்டு போனார்கள். கால்நடை போயிற்று, விதையும் போயிற்று. நாடோடிக் குலங்களுக்கு இருந்த மாதிரி துப்பாக்கி ஏந்திய படை இந்த விவசாயிகளுக்குப் பெரிதாக இல்லை. 2 லட்சத்துக்கும் மேல் செத்தார்கள் என்பது மதிப்பீடு. பெரும்பாலும் மாய் பேசும் ரஹன்வெய்ன் மக்கள் (மேலே சொன்ன டிகில், மிரிஃப்லே இரண்டுக்கும் பொதுப் பெயர் அது), அடுத்து ஜூபா ஆற்றங்கரைப் பண்டு மக்கள்.

2011 ஜூலை 20 அன்று ஐ.நா. மறுபடியும் பஞ்சம் என்று அறிவித்தது. பக்கூல், கீழ் ஷபெல்லே என்ற இரண்டு வட்டாரங்களில், அதாவது அதே நிலத்தில். அந்த முறை ஏறத்தாழ 2.6 லட்சம் பேர். வானம் பொய்த்தது, சரி. ஆயுதக் குழுக்கள் நிவாரணத்தைத் தடுத்ததும் உண்மை. ஆனால் இரண்டு முறையும் சாவு ஒரே வாசலைத் தேடி வந்தது ஏன் என்ற கேள்விக்கு மழைக் கணக்கில் பதில் இல்லை.

நாம் சோமாலியா என்றதும் கண்ணில் வருகிற முகம், சோமாலியத் தேசியப் பாட்டு தன் கணக்கில் சேர்க்க மறந்த முகம். ஒரு பக்கத்தில் 'ஒரே இனம், ஒரே மொழி' என்று அச்சிடுகிறோம். எதிர்ப்பக்கத்தில் அந்த ஒன்றுக்குள் இடம் கிடைக்காத பிள்ளையின் படத்தைப் போடுகிறோம். இரண்டு பக்கத்தையும் மெய்ப்புப் பார்த்தவன் நான்.

பண்டு மக்கள் என்று மேலே எழுதினேன், அந்தப் பெயருக்கும் கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இன்றைய தான்சானியா, மொசாம்பிக், மலாவி பக்கத்திலிருந்து சன்சிபார் வழியாக அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இவர்களில் பலர். தப்பியும் விடுதலை பெற்றும் ஜூபாக் காடுகளில் ஊர் அமைத்தார்கள். இத்தாலியர்கள் தோட்டங்களில் கட்டாய வேலை வாங்கினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு எல்லோரும் சோமாலியர், எல்லோரும் சமம். ஆனால் தெருவில் அவர்களுக்குப் பெயர் 'ஜரேர்', சுருட்டைமுடிக்காரர். மற்றவர்கள் 'ஜிலே', மென்முடிக்காரர். ஒரே இனம் என்ற நாட்டில் மயிரைப் பார்த்து மனிதரைப் பிரித்தார்கள். 1975 நிலச் சட்டம் எல்லா நிலமும் அரசுடையது, பதிவு செய்தவருக்குக் குத்தகை என்றது. தலைமுறை தலைமுறையாக உழுதவர்களுக்குப் பதிவு அலுவலகம் எங்கே என்று தெரியாது. மொகதிஷுவில் செல்வாக்கு உள்ளவர்களுக்குத் தெரியும். 1991இல் துப்பாக்கி முடித்து வைத்ததை 1975இல் காகிதம் தொடங்கி வைத்தது. 'சோமாலி பண்டு' என்ற பெயர் பரவலாக நிலைத்தது அதற்குப் பிறகு, அகதி முகாம்களில், உதவி நிறுவனங்களின் படிவங்கள் வழியாக.

இதையெல்லாம் நான் கண்டுபிடிக்கவில்லை. 30 வருடத்துக்கும் மேலாக ஆய்வாளர்கள் எழுதி வருகிறார்கள். 1991க்குப் பிறகு அவர்களுக்குள் பெரிய ரகளையே நடந்தது. குலம்தான் எல்லாவற்றுக்கும் வேர் என்பது லூயிஸ் கட்சி. உறவுமுறையாக இருந்த குலம் வேறு, காலனி ஆட்சியும் சந்தையும் பதவிப் போட்டியும் சேர்ந்து ஆயுதமாக்கிய குலம் வேறு என்று அப்தி இஸ்மாயில் சமதார் மறுத்தார். 1995இல் அலி ஜிமாலே அகமது தொகுத்த கட்டுரை நூலின் தலைப்பே சோமாலியா புனையப்பட்டது என்ற பொருளில் இருந்தது. முகமது ஹாஜி முக்தார் ஆற்றிடை மக்களின் வரலாற்றை முன்னே கொண்டுவந்தார். போருக்கு முன்பே ஜூபா ஊர் ஒன்றில் தங்கி ஆய்வு செய்த கேத்தரின் பெஸ்ட்மன், இனம், வர்க்கம், நிலம் மூன்றையும் பார்க்காமல் குலத்தை மட்டும் பார்த்தால் போர் புரியாது என்றார். அவரும் லூயிஸும் 1998இல் ஒரே ஆய்விதழில் நேருக்கு நேர் மோதிக்கொண்டார்கள். கோபம் கட்டுரைத் தலைப்பிலேயே தெரியும். ஜரேர் மக்களிடமிருந்தே வந்த ஓமர் எனோ, முகமது எனோ போன்றவர்கள் பிறகு தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதினார்கள்.

2015இல் இன்னொரு சண்டை. சோமாலிலாந்தின் பெயரைத் தாங்கி ஓர் ஆய்விதழ் வந்தது. ஆசிரியர் குழுவில் சோமாலியர் ஒருவர்கூட இல்லை. அப்போது ஹார்வர்டில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த சஃபியா அய்தித் இதைக் கேள்வி கேட்டார். சோமாலிய இளைஞர்கள் உழைத்துப் படிக்க முன்வருவதில்லை என்ற தொனியில் ஒரு ஜெர்மன் மானிடவியலாளர் பதில் சொல்லப்போய், நெருப்பு பற்றிக்கொண்டது. 'அதான் ஸ்டடீஸ்' என்ற பெயரில் சமூக ஊடகங்களில் பெரும் விவாதம். ('அதான்' என்றால் சோமாலியில் வெள்ளை. நம் 'அதான், நான் அப்பவே சொன்னேனே' இல்லை.) சோமாலியர் பற்றிய அறிவை யார் உற்பத்தி செய்கிறார்கள், சோமாலியர் வெறும் தகவலாளிகள்தானா என்பது கேள்வி.

கேள்வி நியாயமானது. இதில் ஒரு முடிச்சும் இருக்கிறது. ஆற்றங்கரைக் குடியானவர்களை ஒட்டகக்காரரின் நிழலிலிருந்து வெளியே எடுத்தவர்களில் வெளிநாட்டு ஆய்வாளர்கள் உண்டு. அவர்களை நிழலுக்குள் தள்ளியதில் சோமாலியப் படிப்பாளிகளுக்கும் பங்கு உண்டு. தோலின் நிறத்தை வைத்து மட்டும் எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவு செய்ய முடியாது. 'சோமாலியர் எழுதட்டும்' என்று சொன்ன உடனே 'எந்தச் சோமாலியர்?' என்று பைதோவாவிலிருந்து ஒரு குரல் கேட்கும். இந்த இரண்டு கேள்வியையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் கேட்கிற எழுத்துதான் எனக்குப் பிடித்திருக்கிறது. நான் வெளியாள். எனக்குப் பிடிப்பதைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை என்பதும் தெரியும்.

அப்படியானால் குலத்தை ஒப்புக்கொண்டால் போதுமா? அதுவும் நடந்தது. 2000இல் ஜிபூத்தியின் ஆர்த்தாவில் கூடி, 4.5 என்று ஒரு சூத்திரத்தை ஏற்றார்கள். நான்கு பெரிய குலத்தொகுதிகளுக்குத் தலா ஒரு பங்கு, மற்ற எல்லோருக்கும் சேர்த்து அரைப் பங்கு. பின்னாளில் 275 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் இதன் கணக்கு: 61, 61, 61, 61, மிச்சம் 31. ரஹன்வெய்ன் மக்கள் இந்த முறை நான்கில் ஒன்றாக ஏறிவிட்டார்கள். ஜரேர், பழைய பட்டணத்துப் பெனாதிரிகள், பராவாக்காரர், பஜூனி மீனவர், கொல்லர்களான துமால், தோல் வேலைக்காரர் என்று ஒதுக்கப்பட்டுப் பெண் கொடுக்கல் வாங்கல் மறுக்கப்படுகிற மதிபான் எல்லோரும் அந்த அரைக்குள். ஒரு மனிதரை அரை என்று சட்டம் எழுதியதில்லை என்று சொல்பவர்கள் உண்டு, எழுதாமலேயே பல வருடம் நடந்தது.

குலம் என்றாலே நாசம் என்று நம் வாலை ஒட்டவும் முடியாது. 1993இல் சோமாலிலாந்தின் பொராமாவில் குலப் பெரியவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசித்தான் அங்கே சண்டை நின்று அரசு அமைந்தது. அந்தப் பெரியவர்கள் அவை, குர்தி, நாடாளுமன்றத்தின் மேலவையாகவே ஆனது. 2003இல் அங்கே நடந்த அதிபர் தேர்தலில் வெற்றி வித்தியாசம் 80 வாக்கு என்று அறிவித்தார்கள். தோற்றவர் வழக்குப் போட்டார், தோற்றார், வீட்டுக்குப் போனார். துப்பாக்கி வெடிக்கவில்லை. சுவாரசியமான ஒரு மதிப்பெண் கேள்வி வேண்டுமானால் இதைக் கேளுங்களேன்!

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முழு வரலாற்றையும் கையேட்டில் எழுதச் சொல்லவில்லை, உங்கள் பக்கக் கணக்கு எனக்குத் தெரியும். அந்த வரி பிடிக்கிற அதே இடத்தில் இதைப் போடலாம்: "சோமாலியா – கூட்டாட்சிக் குடியரசு. ஆட்சிமொழி சோமாலி (மாய், மஹா திரி). இரண்டாம் மொழி அரபு. வேளாண், கடலோர, பண்டு சமூகங்களும் உண்டு." எண்ணிப் பார்த்துவிட்டேன், இரண்டு வரிக்குள் அடங்கும். 'ஒரே இனம்' கேள்வியை வினாத்தாளிலிருந்து எடுத்துவிடுங்கள். 1992 பஞ்சப் படத்தைப் போட்டே ஆக வேண்டும் என்றால், கீழே 'சோமாலியக் குழந்தை' என்று மட்டும் எழுதாமல், தெரிந்த இடத்தில் ஊர்ப்பெயரையும் எழுதுங்கள்.

பைதோவாப் பையன் படிப்பை முடித்துவிட்டுப் போய்விட்டான். பொங்கலுக்குப் பொங்கல் என் மகனுக்குக் குரல் செய்தி அனுப்புவான். போன முறை அவன் அம்மாவும் பேசினார். 1993–94இல் ஐ.நா. படையில் வந்த இந்தியப் பிரிகேடு பைதோவாவில்தான் முகாமிட்டிருந்தது. அந்தப் பட்டாளத்துக்காரர்களைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறாராம். மாயில் ஏதோ சொன்னார். மகன் அதை ஹர்கெய்சாப் பையனுக்கு அனுப்பி அர்த்தம் கேட்டான். "எனக்கும் தெரியாது, அவனையே கேள்" என்று பதில் வந்தது.

இந்த வருடப் பதிப்பு ஒன்றின் மெய்ப்பு இப்போது என் மேசையில் இருக்கிறது. 214ஆம் பக்கம், ஆப்பிரிக்க நாடுகள், மேலிருந்து ஆறாவது வரி. இந்த முறை துணைக்கால் சரியாக இருக்கிறது. வரியைச் சுழித்து, ஓரத்தில் 'ஆசிரியர் பார்க்க' என்று எழுதியிருக்கிறேன். வியாழக்கிழமை அச்சகத்திலிருந்து ஆள் வந்து வாங்கிப் போவார். அதற்குள் யாராவது எனக்குப் போன் பண்ணுங்கள்.

அன்புடன்,
உங்கள் மெய்ப்புத் திருத்துநர்